துறவறக் குழுவாழ்வும் திருச்சபைச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறவற இல்லங்களில் சட்டச் சிக்கல் வருவது பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. தேதியைத் தவறவிடுகிறார்கள், எழுத்தில் வாங்க வேண்டிய அனுமதியை வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள், யாரிடம் கேட்க வேண்டுமோ அவரை விட்டு வேறொருவரிடம் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் "எண்" என்று வருவதெல்லாம் இலத்தீன் திருச்சபைக்கான 1983 சட்டத்தொகுப்பின் எண்கள். கீழைத் திருச்சபைகளுக்கு 1990இல் வெளியான தனித் தொகுப்பு உண்டு. அதில் விவரங்கள் சில மாறும். "தலைவர்" என்று எழுதியிருப்பது ஆண், பெண் இரு சபைகளுக்கும் பொருந்தும்.

எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் எது? திருச்சபைச் சட்டமா, சபையின் சட்டமா?

இரண்டும். பொதுச் சட்டம் எண் 573 முதல் 746 வரை உள்ளது. அதில் துறவற சபைகளுக்கு உரியது 607 முதல் 709 வரை. 1983 ஜனவரி 25இல் வெளியிடப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 27இல், திருவருகைக்கால முதல் ஞாயிறன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்தது உங்கள் சபையின் அமைப்புச்சட்டம். சபையின் நோக்கம், ஆட்சிமுறை, உறுப்பினர் ஒழுக்கம், பயிற்சி, வார்த்தைப்பாட்டின் (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றுக்கான உறுதிமொழி) பொருள் ஆகியவை அதில் இருக்கும். திருப்பீடமோ (உரோமையில் உள்ள பாப்பிறையின் ஆட்சி அமைப்பு) ஆயரோ அதற்கு ஒப்புதல் தந்திருப்பார்கள். அவர்கள் இசைவில்லாமல் சபையின் உச்ச அவையான பொதுப்பேரவைகூட அதில் ஒரு வரியை மாற்ற முடியாது (எண் 587). மூன்றாவதாக நடைமுறை விதிநூல். அதைச் சபையே காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை மணிக்கு எழுவது, விடுமுறை எத்தனை நாள், உடை என்ன நிறம் என்பதையெல்லாம் பொதுச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. "சபையின் சொந்தச் சட்டப்படி" என்று ஒதுங்கிக்கொள்வதே அந்தத் தொகுப்பின் பழக்கம். ஆகையால் எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் உங்கள் அமைப்புச்சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அலமாரியில் இருப்பது பழைய பதிப்பா, கடைசியாக ஒப்புதல் பெற்ற பதிப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவாக வாழ்கிறவர்கள் எல்லாரும் சட்டப்படி துறவியர்தானா?

இல்லை. பொது வார்த்தைப்பாடு, குழுவாழ்வு இரண்டும் சேர்ந்தால்தான் துறவற சபை (எண் 607). உலகில் தத்தம் வீட்டிலும் வேலையிலும் இருந்தபடி அர்ப்பண வாழ்வு நடத்துவோர் உலகுசார் அர்ப்பண சபையினர். குழுவாக வாழ்ந்தாலும் துறவற வார்த்தைப்பாடு இல்லாதவை திருத்தூதுப்பணி வாழ்வுச் சங்கங்கள். 1633இல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் இந்த வகை. அவர்கள் ஆண்டுதோறும் மார்ச் 25இல் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் துறவற சபை அல்ல. இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரமில்லை. சொத்து, விலகல், நீக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விதி மாறும்.

பாப்பிறை உரிமைச் சபை, மறைமாவட்ட உரிமைச் சபை: என்ன வித்தியாசம்?

திருப்பீடம் நிறுவிய அல்லது ஆணை தந்து ஏற்றுக்கொண்ட சபை முதல்வகை. உள்நிர்வாகத்தில் அது நேரடியாகத் திருப்பீடத்துக்கு உட்பட்டது. ஆயர் நிறுவி, அந்த ஏற்பு இன்னும் கிடைக்காதது இரண்டாம் வகை. அது ஆயரின் தனிக் கவனிப்பில் இருக்கும். விலகல் அனுமதிக் கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை இதுவே முடிவுசெய்கிறது. 2020 நவம்பர் முதல், ஆயர் புதிதாக ஒரு சபையைத் தொடங்க வேண்டுமானால் திருப்பீடத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். முன்பு கலந்தாலோசித்தால் போதும் என்றிருந்தது.

யாரைச் சேர்த்தால் செல்லாது?

எண் 643 சொல்வது: 17 வயது நிறையாதவர், திருமண பந்தம் நீடிக்கிறவர், வேறொரு சபையின் பிணைப்பில் இப்போதும் இருப்பவர், வன்முறை, கடும் அச்சம், ஏமாற்று ஆகியவற்றால் சேர்ந்தவர் அல்லது அவற்றுக்கு ஆட்பட்ட தலைவரால் சேர்க்கப்பட்டவர், முன்பு வேறு சபையில் இருந்ததை மறைத்தவர். இதோடு தன் சபைக்கென்று கூடுதல் தடைகளையும் அமைப்புச்சட்டம் வைக்கலாம்.

வயதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டத்தில் பிறந்தநாள் கணக்கில் சேராது. ஆகஸ்ட் 15இல் பிறந்தவருக்கு 17 வயது நிறைவது 17ஆம் பிறந்தநாள் முடிந்த பிறகுதான். ஆகவே ஆகஸ்ட் 16 முதலே அவர் நவதுறவில் (முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) நுழையலாம். விழாவைப் பிறந்தநாளிலேயே வைத்தால் அழகாக இருக்கும் என்று வைத்துவிடக் கூடாது.

கடன் சுமையில் இருப்பவரைச் சேர்ப்பது செல்லாததல்ல; ஆனால் தீர்க்க வழியில்லாத கடனிருந்தால் சேர்க்கக் கூடாது (எண் 644). கோப்பில் இருக்க வேண்டியவை: திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகள், மணமாகாதவர் அல்லது மணத்தடையற்றவர் என்பதற்கான சான்று. முன்பு குருமடத்திலோ வேறு சபையிலோ இருந்தவரானால், அதன் பொறுப்பாளர் எழுதித் தரும் சான்றும் வேண்டும். இந்தக் கடைசிச் சான்றை "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டால், அந்த அப்புறம் பெரும்பாலும் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முந்தின வாரத்தில்தான் வரும்.

நவதுறவின் 12 மாதத்தை எப்படிக் கணக்கிடுவது?

நவதுறவுக் கணக்கு பிசகினால் அதற்குப் பின் வரும் வார்த்தைப்பாடும் செல்லாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நவதுறவு இல்லத்தைப் பொதுத்தலைவர் (முழுச் சபைக்கும் தலைவர்) தம் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு எழுத்துமூலம் நிறுவியிருக்க வேண்டும். 12 மாதமும் நவதுறவுக் குழுவிலேயே கழிய வேண்டும் (எண் 648). பணி அனுபவத்துக்காக நவதுறவியரை வெளியே அனுப்பச் சபைச் சட்டம் இடம் தரலாம்; அந்தக் காலம் இந்த 12 மாதத்துக்கு மேற்பட்டது. மொத்த நவதுறவு 2 ஆண்டைத் தாண்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 செப்டம்பர் 8 காலைத் திருப்பலியில் ஒருவர் நவதுறவைத் தொடங்குகிறார். தொடங்கும் நாள் கணக்கில் சேராது. கடைசி நாள் சேரும் (எண் 203). ஆக, 12 மாதம் நிறைவது 2025 செப்டம்பர் 8 நள்ளிரவில். அன்று காலையே முதல் வார்த்தைப்பாடு என்றால், கண்டிப்பாகப் பார்த்தால் ஒருநாள் குறைகிறது. அதற்கு வழி இருக்கிறது: மேல்நிலைத் தலைவரின் (சபையையோ அதன் மாநிலம் எனப்படும் பிரிவையோ ஆளும் தலைவர்) அனுமதியோடு 15 நாள் வரை முன்கூட்டியே வார்த்தைப்பாடு தரலாம் (எண் 649). அந்த அனுமதியை ஒரு வரி எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து, இல்லாத நாள்கள். தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ 3 மாதத்துக்கு மேல் நவதுறவு இல்லத்தில் இல்லையென்றால் நவதுறவு செல்லாது. விட்டுவிட்டு என்றால் மாதத்துக்கு 30 நாள், அதாவது 90 நாள் என்று எண்ண வேண்டும். தொடர்ச்சி என்றால் நாள்காட்டி மாதம். 15 நாளுக்கு மேல் இல்லாமல் போனால் அந்த நாள்களை ஈடுசெய்ய வேண்டும். மருத்துவமனையில் 12 நாள், பாட்டி இறப்புக்கு 4 நாள், கூட்டத்துக்கு 3 நாள் என்று துண்டு துண்டாகப் போவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினால் 19 வரும். நவதுறவுப் பொறுப்பாளர் மேசையில் ஒரு குறிப்பேடு வைத்து, வெளியே போன தேதி, திரும்பிய தேதி, காரணம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிவந்தால் கடைசியில் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

நவதுறவி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சபையும் அவரை அனுப்பிவிடலாம். முடிவில் தகுதி பற்றி ஐயம் இருந்தால் 6 மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கும் இறுதி வார்த்தைப்பாட்டுக்கும் இடையில் எத்தனை ஆண்டு?

தற்காலிக வார்த்தைப்பாடு 3 ஆண்டுக்குக் குறையாமல், 6 ஆண்டுக்கு மேற்படாமல் சபைச் சட்டம் வகுத்தபடி இருக்கும். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் 9 ஆண்டைத் தாண்டக் கூடாது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயதும், இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். தகுந்த காரணமிருந்தால் இறுதி வார்த்தைப்பாட்டை 3 மாதம் வரை முன்னதாகத் தரலாம்.

தற்காலிக வார்த்தைப்பாடு தானாகப் புதுப்பிக்கப்படாது. ஒரு மாதம் கழித்து ஞாபகம் வந்து பழைய தேதியிட்டுக் கையெழுத்து வாங்குவது அந்த இடைவெளியை மறைக்காது. அப்படி நடந்திருந்தால் உடனே பொதுத்தலைவருக்குத் தெரிவியுங்கள்.

குழுவாழ்வு என்று சட்டம் எதைச் சொல்கிறது?

முதலில் இடம்: முறையாக நிறுவப்பட்ட இல்லம், அதற்கு ஒரு தலைவர், நற்கருணை வைக்கப்பட்ட சிற்றாலயம் (எண் 608). இல்லம் தொடங்க ஆயரின் எழுத்துமூல இசைவு முன்கூட்டியே தேவை. வாடகை வீட்டில் நான்கு பேர் சேர்ந்து தங்குவதால் மட்டும் அது துறவற இல்லமாகிவிடாது.

பிறகு வாழ்வு: தம் இல்லத்திலேயே தங்குவது, கூடியவரை நாள்தோறும் திருப்பலி, விவிலிய வாசிப்பு, திருப்புகழ்மாலை, ஆண்டுத் தியானம் (எண் 663). ஒரே கூரைக்குக் கீழ் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு, ஆளுக்கொரு அறையில் கதவடைத்துக்கொள்வது சட்டத்தின் எழுத்தை மீறாமலேயே அதன் கருத்தைக் கெடுத்துவிடும். இதற்குச் சட்டம் மருந்து தராது. தலைவர் இல்லத்திலேயே தங்க வேண்டும் என்று எண் 629 சொல்வதன் காரணம் இங்கேதான் விளங்கும். எப்போதும் பயணத்தில் இருக்கும் தலைவரின் இல்லத்தில் முதலில் கலைவது பொதுச் சாப்பாட்டு மேசை.

வீட்டுக்குப் போய்வர எத்தனை நாள் அனுமதி?

பொதுச் சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. குறுகிய காலம் வெளியே போய்வரச் சபைச் சட்டப்படி இல்லத் தலைவர் அனுமதி போதும். நீண்ட காலம் என்றால் மேல்நிலைத் தலைவர், தம் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு, தகுந்த காரணத்துக்காக, ஓராண்டுக்கு மேற்படாமல் தரலாம் (எண் 665). நோய்ச் சிகிச்சை, படிப்பு, சபை பெயரில் செய்யும் பணி ஆகிய மூன்றுக்கும் இந்த ஓராண்டு வரம்பு இல்லை. படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்வது இந்த மூன்றில் சேராது. அதற்கு ஓராண்டு வரம்பு பொருந்தும். அதற்கு மேலும் தேவை என்றால் திருப்பீடத்தையோ, கீழே சொல்லும் வெளிவாழ்வு அனுமதியையோதான் நாட வேண்டும்.

விருந்தினரை இல்லத்தில் எங்கும் அழைத்துச் செல்லலாமா?

கூடாது. எல்லா இல்லங்களிலும் உறுப்பினருக்கு மட்டுமே உரிய ஒரு பகுதி இருக்க வேண்டும் (எண் 667). வெளியுலகிலிருந்து ஒதுங்கி வாழும் அடைப்பு மடங்களில் இது இன்னும் கண்டிப்பு.

கைப்பேசி, சமூக ஊடகம்?

எண் 666 விவேகத்தோடு பயன்படுத்தச் சொல்கிறது, அழைத்தலுக்கும் கற்புக்கும் ஊறு வருவதை விலக்கச் சொல்கிறது. மற்றதெல்லாம் சபை விதி. சமயம், ஒழுக்கம் பற்றிய நூலை வெளியிட மேல்நிலைத் தலைவரின் அனுமதி தனியாக வேண்டும் (எண் 832).

ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தபின் பூர்வீகச் சொத்து என் பெயரில் இருக்கலாமா?

எளிய வார்த்தைப்பாடு எடுத்தவருக்கு உடைமை உரிமை போவதில்லை. போவது அதைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன், சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பைத் தாம் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வருமானம் யாருக்கு என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னதாகவாவது உயில் எழுதியாக வேண்டும், அது நாட்டுச் சட்டத்திலும் செல்லுபடியாக வேண்டும் (எண் 668). "துறவியின் கடிதம்" என்று ஒரு தாளில் எழுதிச் சபைக் கோப்பில் வைத்தால் நீதிமன்றத்தில் அது உயிலாகாது. பின்னால் இவற்றை மாற்றவும், சொத்து சம்பந்தமாக எதில் கையெழுத்திடவும் தலைவரின் அனுமதி வேண்டும்.

சம்பளம் வேறு கதை. உழைப்பாலோ சபையின் காரணத்தாலோ கிடைப்பது சபைக்கு. ஓய்வூதியம், உதவித்தொகை, காப்பீட்டுத் தொகையும் அப்படியே, சபைச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால். அன்பளிப்பில்தான் சண்டை. கொடுத்தவர் துறவியின் குடும்பத்தவராக, அவரைத் தனிப்பட்ட முறையில் நினைத்துக் கொடுத்தாரா, துறவி என்பதால் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விதியைச் சபை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது எல்லாருக்கும் நல்லது.

எளிய வார்த்தைப்பாட்டைவிடக் கடுமையான பகட்டு வார்த்தைப்பாடு (solemn vow) எடுக்கும் பழைய சபைகளில் நிலை தலைகீழ். உரிமையை முழுதாகத் துறந்தவர் சொத்து வைத்திருக்கும் தகுதியையே இழக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு: உறுப்பினருக்கு அழைத்தலை நிறைவேற்றத் தேவையான எல்லாவற்றையும் சபை தந்தாக வேண்டும் (எண் 670). மருந்துக்கும் செருப்புக்கும் கெஞ்ச வைப்பது ஏழ்மை வார்த்தைப்பாடு அல்ல.

தலைவர் என் மனத்தில் இருப்பதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா?

முடியாது. மனச்சான்றை வெளிப்படுத்தும்படி உறுப்பினரை எவ்விதத்திலும் தூண்டத் தலைவருக்குத் தடை இருக்கிறது (எண் 630). நீங்களாக விரும்பிப் பேசுவது வேறு. ஒப்புரவு அருளடையாளத்தை யாரிடம் பெறுவது, ஆன்ம வழிகாட்டி யார் என்பதில் உரிய சுதந்திரத்தைத் தலைவர் மதிக்க வேண்டும். குருவாக இருக்கும் தலைவர் தமக்குக் கீழிருப்போரின் பாவசங்கீர்த்தனத்தை, அவர்களே தாமாகக் கேட்டாலன்றிக் கேட்கக் கூடாது. நவதுறவுப் பொறுப்பாளருக்கும் இதே விதி (எண் 985).

ஆலோசனைக் குழுவின் "ஒப்புதல்", "கருத்து": இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை, சபை மாநில அளவில் நடக்கும் தவறுகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. சட்டம் ஒப்புதல் கேட்டிருந்தால், கலந்துகொண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் "ஆம்" என்றால்தான் தலைவர் செயல்பட முடியும். இல்லாமல் செய்தால் அந்தச் செயல் செல்லாது. கருத்து மட்டும் கேட்டிருந்தால், தலைவர் எல்லாரிடமும் கேட்க வேண்டும். பிறகு மாறாகவும் முடிவெடுக்கலாம். கேட்காமலே முடிவெடுத்தால் அதுவும் செல்லாது (எண் 127).

நான்கு ஆலோசகர், இரண்டுக்கு இரண்டு என்று வாக்கு பிரிந்தது. தலைவர் தம் வாக்கைப் போட்டு முடித்துவைக்கலாமா? முடியாது. ஒப்புதல் என்பது தலைவர் மற்றவர்களிடமிருந்து பெறுவது. அவர் அதில் வாக்களிப்பதில்லை, சமநிலையை உடைக்கவும் முடியாது என்று 1985இல் அதிகாரப்பூர்வ விளக்கம் வந்தது. சமமாக நின்றால் ஒப்புதல் கிடைக்கவில்லை என்றே பொருள். அதேபோல, ஒப்புதல் கிடைத்துவிட்டதாலேயே தலைவர் அதைச் செய்தாக வேண்டும் என்றும் இல்லை.

ஒப்புதலுக்குக் குழுவை முறைப்படி அழைத்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டு "எல்லாரும் சரி என்றார்கள்" என்று பதிவேட்டில் எழுதுவது ஒப்புதல் ஆகாது. பதிவேட்டில் தேதி, கலந்துகொண்டோர், கேட்கப்பட்டது ஒப்புதலா கருத்தா, வாக்கு எண்ணிக்கை ஆகிய நான்கும் இருக்கட்டும்.

நிலம் விற்பதில் இது நேரடியாகக் கடிக்கும். ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு தலைவர் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அந்தந்தப் பகுதிக்குத் திருப்பீடம் வகுத்த தொகையைத் தாண்டினால், அல்லது நேர்த்திக் காணிக்கையாக வந்த பொருளோ கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளோ ஆனால், திருப்பீட அனுமதியும் வேண்டும் (எண் 638). முன்பணம் வாங்கிக் கையெழுத்திட்ட பிறகு உரோமைக்கு எழுதுவது, கல்யாணம் முடிந்தபின் பெண் பார்க்கப் போவது போல.

பொதுப்பேரவையில் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சபைச் சட்டம் வேறு முறை சொல்லாவிட்டால் எண் 119 பொருந்தும். அழைக்கப்பட வேண்டியவர் 31 என்றால் குறைந்தது 16 பேர் வந்திருக்க வேண்டும். 30 பேர் வந்தால் 16 வாக்கு பெற்றவரே தேர்வாவார். இரண்டு சுற்றில் யாருக்கும் கிடைக்காவிட்டால், மூன்றாம் சுற்று அதிக வாக்கு பெற்ற இருவருக்கிடையே மட்டும். அதிலும் சமமானால் வயதில் மூத்தவர். வாக்குச்சீட்டு எண்ணிக்கை வாக்களித்தோரை விட அதிகமானால் அந்தச் சுற்று செல்லாது. சபைச் சட்டம் அனுமதிக்காவிட்டால் கடிதம் வழியாகவோ பதிலாள் மூலமாகவோ வாக்களிக்க முடியாது. ஆனால் அதே இல்லத்தில் நோயாய்ப் படுத்திருப்பவரிடம் வாக்கு எண்ணுவோர் போய் எழுதிய வாக்கைப் பெற்றுவர வேண்டும்.

பதவிக்கால வரம்பு முடிந்தவரை மீண்டும் வேண்டுமென்றால் சாதாரணத் தேர்தல் போதாது. அது "வேண்டுதல்" முறையில் நடக்க வேண்டும். போட்டியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிறகு தடையை நீக்கும் அதிகாரியின் ஏற்பும் வேண்டும்.

ஆயர் எங்கள் இல்ல விவகாரத்தில் தலையிடலாமா?

மறையுரை, பங்குப்பணி, பொது வழிபாடு, பிற திருத்தூதுப்பணிகள் ஆகியவற்றில் எல்லாத் துறவியரும் ஆயருக்குக் கட்டுப்பட்டவர்கள். உள்வாழ்வும் நிர்வாகமும் சபைக்குரியவை. மறைமாவட்ட உரிமைச் சபையின் இல்லங்களை ஆயர் சந்தித்து விசாரிக்கலாம்; பாப்பிறை உரிமைச் சபையில் அவர் ஒப்படைத்த பணிகளையும், மக்கள் வழக்கமாக வரும் ஆலயங்களையும் பார்வையிடலாம். பங்கிலோ நிறுவனத்திலோ பணியேற்கும்போது, என்ன பணி, எத்தனை பேர், பண ஏற்பாடு என்ன என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் (எண் 681). பணிப்பொறுப்பில் உள்ள துறவியை ஆயரும் மாற்றலாம், சபைத் தலைவரும் மாற்றலாம். மற்றவருக்குத் தெரிவித்தால் போதும், இசைவு தேவையில்லை. ஆனால் இல்லத்தை மூட நினைக்கும் பொதுத்தலைவர் ஆயரைக் கலந்த பிறகே மூட வேண்டும்.

கொஞ்ச காலம் வெளியே இருந்து யோசிக்க வேண்டும். விலகத்தான் வேண்டுமா?

வேண்டாம். இறுதி வார்த்தைப்பாடு எடுத்தவருக்குக் கடும் காரணமிருந்தால் வெளிவாழ்வு அனுமதி உண்டு (எண் 686). பொதுத்தலைவர் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு 5 ஆண்டு வரை தரலாம். 2022 பிப்ரவரிக்கு முன் இது 3 ஆண்டாக இருந்தது. குருவானால், தங்கப்போகும் இடத்தின் ஆயரது இசைவு முதலில் வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் நீட்டிக்கத் திருப்பீடம். மறைமாவட்ட உரிமைச் சபையானால் ஆயர்.

வார்த்தைப்பாடுகள் அப்படியே இருக்கும். புதிய வாழ்க்கை நிலைக்கு ஒவ்வாத கடமைகள் மட்டும் விலகும். வாக்களிக்கவோ வாக்கு பெறவோ முடியாது. எண் 665இன் ஓராண்டு அனுமதியில் வெளியே இருப்பவரோ வாக்குரிமையை இழப்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேரவைக்கு அழைப்பு அனுப்பாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. அனுமதிக் கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதச் செலவு யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தலைவரைச் சந்திப்பது என்பதை எழுதுங்கள். "சில காலத்துக்கு" என்று எழுதிய கடிதம் பின்னால் வழக்காகும்.

வேறு சபைக்கு மாறலாமா?

இறுதி வார்த்தைப்பாடு எடுத்தவர் மாறலாம். இரு சபைப் பொதுத்தலைவர்களும் தத்தம் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு அனுமதிக்க வேண்டும். புதிய சபையில் குறைந்தது 3 ஆண்டு தேர்வுக்காலம் (எண் 684). அங்கே ஒத்துவராவிட்டால் பழைய சபைக்கே திரும்ப வேண்டும்.

விலகுவதற்கான நடைமுறை என்ன?

தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்தால் யாரிடமும் விலக்கு கேட்க வேண்டாம், போகலாம். இடையில் போக வேண்டுமென்றால் பொதுத்தலைவர் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு அனுமதி தருவார். தன்னைத்தானே ஆளும் தன்னாட்சி மடமானால் அதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும்.

இறுதி வார்த்தைப்பாட்டுக்குப் பின் மிகக் கடுமையான காரணங்கள் வேண்டும். உறுப்பினர் தம் கையால் மனு எழுதுகிறார். பொதுத்தலைவர் தம் கருத்தையும் ஆலோசனைக் குழுவின் கருத்தையும் சேர்த்து அனுப்புகிறார். பாப்பிறை உரிமையானால் திருப்பீடம் முடிவுசெய்யும். மற்றதில், அவர் சேர்ந்துள்ள இல்லம் இருக்கும் மறைமாவட்டத்தின் ஆயரும் தரலாம். "எனக்கு மனநிறைவில்லை" என்று இரண்டு வரி மனு போனால் திரும்பி வரும். எப்போது தொடங்கியது, என்னென்ன முயன்றார், யாரிடம் ஆலோசித்தார் என்பதை எழுத வேண்டும்.

அனுமதி வந்து, அது அவருக்கு முறையாகத் தெரிவிக்கப்படும்போதுதான் நடைமுறைக்கு வரும். அந்தக் கணத்தில் அவர் மறுத்துவிட்டால் அனுமதி இல்லாமல் போகும் (எண் 692). ஆகவே நேரில் கொடுத்து, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குவது முக்கியம். குருவுக்கு, அவரை ஏற்க ஓர் ஆயர் கிடைக்கும்வரை அனுமதி கிடைக்காது. பரிசோதனையாக ஏற்கப்பட்டவர், ஆயர் மறுக்காவிட்டால், 5 ஆண்டில் சட்டப்படி அந்த மறைமாவட்டத்தவராகிவிடுவார்.

ஒருவரைச் சபை எப்படி நீக்குகிறது?

மூன்று வழி. முதலாவது தானாக நீங்குவது (எண் 694): கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படையாகக் கைவிட்டவர், திருமணம் செய்தவர், பதிவுத் திருமணமானாலும், அனுமதியின்றி 12 மாதம் தொடர்ந்து இல்லத்துக்கு வெளியே இருந்து, தொடர்புகொள்ளவும் முடியாதவர். இந்த மூன்றாவது 2019 ஏப்ரல் 10 முதல் சேர்ந்தது. தானாக என்றாலும் தலைவர் ஆதாரம் திரட்டி அறிவிக்க வேண்டும். இந்த மூன்றாவதில் அந்த அறிவிப்பைத் திருப்பீடமோ ஆயரோ உறுதிசெய்யவும் வேண்டும். தேடாமல் 12 மாதம் காத்திருப்பது சட்டத்தின் நோக்கமல்ல. காணாமல் போனவரைத் தேடி உதவுவது தலைவரின் கடமை. இரண்டாவது, சில கடும் குற்றங்களுக்குக் கட்டாய நீக்கம் (எண் 695).

மூன்றாவதுதான் வழக்கமாக வருவது (எண் 696): கடமைகளைத் தொடர்ந்து புறக்கணித்தல், பிடிவாதமான கீழ்ப்படியாமை, கடும் இடறல், 6 மாதம் அனுமதியின்றி வெளியே இருத்தல் போன்றவை. நடைமுறை இது. மேல்நிலைத் தலைவர் ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டுத் தொடங்குகிறார். ஆதாரம் திரட்டுகிறார். எழுத்திலோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ முதல் எச்சரிக்கை தருகிறார். அதில் தவறு என்ன என்பதும், திருந்தாவிட்டால் நீக்கம் என்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். தற்காப்புக்கு முழு வாய்ப்பும் தர வேண்டும். பயனில்லையென்றால், குறைந்தது 15 நாள் கழித்து இரண்டாவது எச்சரிக்கை. இன்னும் 15 நாள் கழிந்தபின், தலைவரும் ஆவணப் பதிவரும் கையெழுத்திட்ட கோப்பு, உறுப்பினர் கையெழுத்திட்ட பதில்களோடு பொதுத்தலைவருக்குப் போகிறது. அவரும் குறைந்தது 4 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவும் ஒரே அவையாக இருந்து, இரகசிய வாக்கெடுப்பில் முடிவெடுக்கிறார்கள். மற்ற இடங்களில் வாக்களிக்காத தலைவர் இங்கே வாக்களிக்கிறார்.

கோப்பு கவிழும் இடங்கள் தெரிந்தவையே. எச்சரிக்கைக் கடிதத்தில் "நீக்கம்" என்ற சொல்லே இல்லாமல் "தகுந்த நடவடிக்கை" என்று மழுப்பியிருப்பது. இரண்டு எச்சரிக்கைக்கும் இடையே 10 நாள்தான் இருப்பது. கடிதம் கையில் சேர்ந்ததற்குச் சான்று இல்லாதது. முதல் கடிதத்தில் கீழ்ப்படியாமை, இரண்டாவதில் பணக் கணக்கு என்று காரணம் மாறிப்போவது.

உறுப்பினர் எந்தக் கட்டத்திலும் பொதுத்தலைவருக்கு நேரடியாக எழுதித் தற்காப்பைத் தரலாம் (எண் 698). நீக்க ஆணை அவர் கையில் சேரும்போது நடைமுறைக்கு வருகிறது. முறையீட்டுக்கு 30 நாள். 2023 வரை இது 10 நாளாக இருந்தது. முறையிட்டால் முடிவு வரும்வரை ஆணை நிறுத்திவைக்கப்படும். முறையீட்டு உரிமை ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். விட்டுப்போனால் ஆணை செல்லாது.

விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ சபை பணம் தர வேண்டுமா?

30 ஆண்டு உழைத்திருந்தாலும் உழைப்புக்கான கூலி என்று எதையும் உரிமையாகக் கோர முடியாது. ஆனால் சபை நேர்மையோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் (எண் 702). இது அலங்கார வாசகம் அல்ல. வயது, உடல்நலம், வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து, புதுவாழ்வு தொடங்கப் போதுமான தொகையைச் சபை தர வேண்டும். சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள் அவருடையவை. அவற்றைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மடத்தில் ஆள் குறைந்துகொண்டே போனால்?

தியான வாழ்வு நடத்தும் அருள்சகோதரிகளின் தன்னாட்சி மடங்களுக்கு 2018இல் திருப்பீடம் தனி நெறிமுறை வெளியிட்டது. பகட்டு வார்த்தைப்பாடு எடுத்தவர் ஐவராகக் குறைந்தால், தம் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்த மடம் இழக்கிறது. பிற சபைகளின் இல்லங்களுக்கு இப்படியொரு எண் கிடையாது.

முறைப்படி விலகியவர் திரும்பி வரலாமா?

வரலாம். பொதுத்தலைவர் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலோடு மீண்டும் சேர்க்கலாம். நவதுறவைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை (எண் 690). தற்காலிக வார்த்தைப்பாட்டுக்கு முன் எவ்வளவு தேர்வுக்காலம், இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் எத்தனை ஆண்டு என்பதை அவரே வகுப்பார். அதையும் முதல்நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.